வெளிச்சம் எந்தப் பக்கம் தள்ளுது

முதல்லயே சொல்லிடறேன், எனக்கு மூக்கு மேல கோபம் வரும். என் ஓரகத்திக்கு மூக்கே கோபம்தான். நாங்க ரெண்டு பேரும் ஒரே வீட்டுக்கு மருமகளா வந்ததைக்கூட தலைவிதின்னு விட்டுடலாம். ஒரே ஆபீஸ்ல, ஒரே ரூம்ல, ஒரே பாய்க்காக வேலை பாத்தோமே, அதை எந்தக் கணக்குல சேக்கிறது?

பாய்னா படுக்கிற பாய் இல்ல. படகுக்குக் கட்டுற பாய். ஆனா எங்க பாய் இருந்தது பூமியைச் சுத்திப் பறக்கிற ஒரு சின்னப் பெட்டியில. அதைக் காத்து தள்ளாது, சூரிய வெளிச்சம் தள்ளும். இதைச் சொன்னா யார் நம்புறா? எங்க வீட்டுக்காரர் பல் டாக்டர். கல்யாணமான புதுசுல விளக்கிச் சொன்னேன். ஒரு நிமிஷம் யோசிச்சுட்டு, "அப்போ நான் வாயைத் திறக்கச் சொல்லி விளக்கடிக்கிறேனே, ஒருத்தன்கூட நாற்காலியை விட்டு நகரலையே?"ன்னு கேட்டார். அன்னிக்குச் சிரிச்சேன். அப்புறம் வீட்டுக்கு வர்ற சொந்தக்காரங்ககிட்ட எல்லாம் அதையே சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். எத்தனை தடவைதான் சிரிக்கிறது!

வெளிச்சம் தள்ளும். ஆனா ரொம்பக் கொஞ்சமாத் தள்ளும். ஒரு பெரிய ஹால் அளவு பாயை விரிச்சு வச்சாலும், உள்ளங்கையில ஒரே ஒரு அரிசி மணியை வச்சா எவ்வளவு கனம் தெரியுமோ அவ்வளவுதான். ஆனா பெட்டிக்கு மேல சூரியன் அடிக்கிற வரைக்கும் விடாம தள்ளும். எரிபொருள் கேக்காது, ஓய்வு கேக்காது. அந்தப் பாய்க்குத் தகடு தேடிப் பிடிச்சது நான். தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிசு, மூச்சு விட்டாலே பறக்கும். அதை மடிச்சு ஒரு ரொட்டிப் பெட்டி அளவுக்குள்ள அடைச்சதும் நான்தான். எட்டு வருஷம். அதுக்குள்ள எத்தனை தடவை கிழிச்சேன், எத்தனை தடவை மூலையில உக்காந்து அழுதேன்னு எனக்குத்தான் தெரியும். அது மேல போய் விரிஞ்சு, வெளிச்சம் பட்டு ஒரு அடியாவது ஏறணும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒண்ணுதான்.

ஏறறதுக்கு ஒரு வழி இருக்கு. ஊஞ்சல் ஆட்டிவிடற மாதிரி. ஊஞ்சல் நம்மை விட்டுப் போகும்போது தள்ளணும், நம்ம பக்கமா வரும்போது கையை எடுத்துடணும். வரும்போது தள்ளினா ஆட்டம் செத்துடும். எங்க பெட்டியும் ஒவ்வொரு சுத்துலயும் பாதி நேரம் சூரியனை விட்டு விலகிப் போகும், பாதி நேரம் சூரியன் பக்கமா வரும். விலகும்போது பாயை வெளிச்சத்துக்கு நேரா காட்டணும். வரும்போது விளிம்பு மட்டும் படற மாதிரி ஒருக்களிச்சுத் திருப்பிடணும். இப்படிப் பண்ணா கொஞ்சம் கொஞ்சமா உசரம் கூடும். பெட்டி எங்க இருக்கு, சூரியன் எந்தப் பக்கம்னு கணக்கு போடறது என் ஓரகத்தி. அந்தக் கணக்கை வச்சு, எப்போ திரும்பணும்னு பெட்டிக்குக் கட்டளை எழுதறது நான்.

என் வீட்டுக்காரரோட அண்ணன் பொண்டாட்டி அவ. வாய் நிறைய அக்கான்னுதான் கூப்பிடுவேன், மனசுக்குள்ள "அவ"தான். மாடியில அவங்க குடும்பம், கீழ நாங்க. ஆபீஸ்ல இந்த வேலைக்கு என்னைச் சேத்துவிட்டதே அவதான். அந்தக் காலத்துல ஒரே குடையில ஆபீஸ் போய் வந்திருக்கோம். யார் கண்ணு பட்டுதோ.

ஒரு சொந்தக்காரங்க கல்யாணம். சாப்பாட்டு மேசையில யாரோ என்கிட்ட, "நீ என்னம்மா வேலை பாக்கிறே?"ன்னு கேட்டாங்க. நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள அவ முந்திக்கிட்டா. "எங்க ஆபீஸ்ல துணி மடிக்கிறது இவதான்"னா. மேசையே சிரிச்சுது. எங்க வீட்டுக்காரரும் சேந்து சிரிச்சார், அந்தக் கதை தனி. எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிடுச்சு. "ஆமா, அக்கா வட்டம் போடறாங்க. பத்து வருஷமா வட்டமே போடறதால ஆரம்பிச்ச இடத்துலயே இருக்காங்க"ன்னேன். அவளுக்கு வரவேண்டிய பதவி ரெண்டு தடவை கைமாறிப் போனது எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் சொன்னேன். அவ தட்டைத் தள்ளி வச்சுட்டு எழுந்து போனா.

அதோட பேச்சு நின்னுது. ஒரு வார்த்தை கிடையாது. "மேல தண்ணி வரலைன்னு கீழ சொல்லுங்க"ன்னு அவ அவ புருஷன்கிட்ட சொல்லுவா. அவர் வந்து என் வீட்டுக்காரர்கிட்ட சொல்லுவார். இவர் என்கிட்ட சொல்லுவார். நான் மோட்டார் போடுவேன். வீட்டுல இப்படி ஓட்டிடலாம், ரெண்டு தபால்காரங்க இருந்தாங்க. ஆபீஸ்ல யார் இருக்கா?

எங்க ஆபீஸ்ல ஒரு வழக்கம். பகல் வேலைக்கு ஒருத்தர், சாயங்கால வேலைக்கு ஒருத்தர். மாறும்போது உக்காந்தபடி கை காட்டிட்டுப் போகக்கூடாது. ரெண்டு பேரும் எழுந்து நின்னு, முகத்தைப் பாத்து, இன்னிக்கு நான் எதை மாத்தினேன்னு வாய்விட்டுச் சொல்லணும். கேக்கிறவர் அதைத் திருப்பிச் சொல்லணும். அப்புறம்தான் நாற்காலி கைமாறும். எங்க தலைவர் கொண்டுவந்தது. எதைக் கேட்டாலும் "பாப்போம், பாப்போம்"பார், அதனால அவருக்குப் பேரே பாப்போம் சார். இந்த ஒரு விஷயத்துல மட்டும் அவர் பாப்போம்னு சொன்னதில்ல, கண்டிப்பா செய்யணும்பார். எழுதி வச்சா எவனும் படிக்கமாட்டான், வாயால சொன்னா மறக்கமாட்டான்னு அவர் எண்ணம்.

நாங்களும் எழுந்துதான் நின்னோம். அவ ஜன்னலைப் பாத்து, "எல்லாம் அப்படியே இருக்கு"ம்பா. நான் கதவைப் பாத்து, "அப்படியே இருக்கு"ம்பேன். ஜன்னலும் கதவும் கேட்டுக்கிச்சு.

பாய் விரிஞ்ச அன்னிக்கு ரூம்ல ஒரே கூச்சல். பெட்டியிலிருந்து படம் வந்துது. ஒரு சுருக்கம் இல்ல, ஒரு கிழிசல் இல்ல, பளபளன்னு நாலு மூலையும் இழுத்துக் கட்டின மாதிரி நின்னுது. பாப்போம் சாரே ஒரு குதி குதிச்சார். எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. அவ மட்டும் கணினியைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தா. கண் துடைச்சாளோ, தூசி விழுந்துச்சோ, யார் கண்டா.

அப்புறம்தான் குழப்பம். உசரம் கூடணும், குறைஞ்சுது. முதல்ல ரெண்டு நாள், பெட்டி இன்னும் நிதானத்துக்கு வரலைன்னு நினைச்சோம். அப்புறமும் குறைஞ்சுது. பெட்டியைக் கேட்டா, சொன்ன நேரத்துக்குத் திரும்பிட்டேன், சொன்னபடி செஞ்சிட்டேன்னு ஒவ்வொரு தடவையும் பதில் அனுப்புது. எனக்குத் தலையும் புரியல வாலும் புரியல. என் கட்டளையை வரிவரியாப் பாத்தேன். கடைசியில கண்டுபிடிச்சேன். அவ அனுப்புற கணக்குல சூரியன் திசை பெட்டியிலிருந்து சூரியனைப் பாத்து இருக்கு. நான் அதை சூரியனிலிருந்து பெட்டியைப் பாத்துன்னு எடுத்திருக்கேன். ஒரே ஒரு மைனஸ் குறி. அதனால விலகிப் போற பாதியை வர்ற பாதின்னு நினைச்சுத் திருப்பியிருக்கோம். வர்ற ஊஞ்சலைப் பிடிச்சுத் தள்ளியிருக்கோம்!

அவகிட்ட சொல்லியிருக்கணும். சொல்லியிருந்தா, "துணி மடிக்கிறவளுக்கு மைனஸ் தெரியலையா"ம்பா. அவ சொல்லாட்டியும் என் காதுல கேக்கும். சத்தம் போடாம குறியை மாத்தினேன். கைமாத்தும்போது கதவைப் பாத்து, "அப்படியே இருக்கு"ன்னேன்.

சரி, நாளையிலிருந்து ஏறும்னு பாத்தா, இறங்குது. அதே வேகம். சாண் ஏறினா முழம் சறுக்குதுன்னாலும் பரவாயில்ல, சாணே ஏறல. கண்ணைக் கட்டிக் காட்டுல விட்ட மாதிரி இருந்துச்சு. குறி சரி. கட்டளை சரி. பெட்டி சொன்னதைச் செய்யுது. அப்போ எது தப்பு? வெளிச்சமே தள்ளாதோ? புத்தகத்துல எல்லாம் போட்டிருக்கானே? ராத்திரி சாப்பிடும்போது என் வீட்டுக்காரர் விளக்கு ஜோக்கைத் திருப்பி ஆரம்பிச்சார். நான் பாத்த பார்வையில பாதியில நிறுத்திட்டார்.

ஒரு வாரம் பொறுத்தேன். அப்புறம் நானே நம்பிக்கை விட்டுட்டேன். ஒருவேளை முதல்ல இருந்ததுதான் சரியோ, நான்தான் தலைகீழா யோசிச்சுக் கெடுத்தேனோன்னு குறியைப் பழையபடி திருப்பினேன். அப்பவும் இறங்குச்சு. குறி போட்டாலும் இறங்குது, எடுத்தாலும் இறங்குது! இதுக்கு என்ன அர்த்தம்னு யாராவது சொல்லுங்களேன். குறி எந்தப் பக்கம் இருந்தாலும் ஒண்ணுதான்னா, வெளிச்சம் எந்தப் பக்கமும் தள்ளலைன்னுதானே அர்த்தம்? இப்படி மாத்தி மாத்தி என் புத்தி மழுங்கிப்போச்சு. கடைத்தெருவுல வெயில்ல நிக்கும்போது, முகத்துல படற வெளிச்சம் தள்ளுதா தள்ளலையான்னு கண்ணை மூடிக்கிட்டு நின்னிருக்கேன். "ஏம்மா, உடம்பு சரியில்லையா?"ன்னு காய்கறிக்காரர் கேட்டார்.

இதுக்கு நடுவுல இன்னொரு பயம். மேல காத்து சுத்தமா இல்லாம இல்ல, மெல்லிசா இருக்கும். கீழ வர வர அது தடிக்கும். ஒரு எல்லைக்குக் கீழ வந்துட்டா, அரிசி மணி கனத்தை வச்சுக்கிட்டு வெளிச்சத்தால காத்தோட மல்லுக்கட்ட முடியாது. அப்புறம் இறக்கம்தான். எரிஞ்சு போறதுதான்.

பாப்போம் சார் எல்லாரையும் கூப்பிட்டார். நீள மேசை, ஒரு பக்கம் அவர், எதிர்ல நாங்க ரெண்டு பேர், நடுவுல ஒரு காலி நாற்காலி. "யாராவது எதையாவது மாத்தினீங்களா?"ன்னு கேட்டார்.

"இல்ல சார்"னேன். அவளும் அதே மூச்சுல "இல்ல சார்"னா.

அவர் பெருமூச்சு விட்டார். "அப்போ எனக்கு ஒண்ணுதான் தோணுது. பாய் மேலதான் சந்தேகம். படத்துல நல்லாத்தான் தெரிஞ்சுது. ஆனா அன்னிக்கு ஒரு தடவைதானே பாத்தோம். மடிப்பு வழியா அப்புறம் கிழிஞ்சிருக்கும். மடிப்புலதான் ஏதோ கோளாறு. அப்படித்தான் மேலிடத்துக்குச் சொல்லப்போறேன்"னார்.

எட்டு வருஷம் சார்னு கத்தணும்போல இருந்துச்சு. கண்ணு முட்டிக்கிட்டு வருது, அவ முன்னாடி அழறதான்னு மேசை விளிம்பைப் பிடிச்சுக்கிட்டேன்.

"மடிப்பு சரியாத்தான் சார் இருந்துச்சு." அவ குரல். "அந்தப் பாயை மடிக்கும்போது ஒவ்வொரு நாளும் நான் பக்கத்துலதான் இருந்தேன். கோளாறு என்கிட்ட. சூரியன் திசையில குறி தலைகீழா இருந்துச்சு. நான் மாத்தினேன். கைமாத்தும்போது சொல்லல."

நான் அவளைத் திரும்பிப் பாத்தேன். எத்தனையோ மாசத்துக்கு அப்புறம் நேருக்கு நேர். "எந்தக் குறி?"ன்னேன்.

"சூரியன் குறி."

"எப்போ?"

"பாய் விரிஞ்சு அஞ்சாறு நாள் இருக்கும். அப்பவும் இறங்குச்சு. அப்புறம் நான்தான் தப்போன்னு ஒரு வாரம் கழிச்சுத் திருப்பி மாத்திட்டேன்."

எனக்குப் பேயறைஞ்ச மாதிரி ஆயிடுச்சு. "அய்யோ அக்கா"ன்னேன். "நானும்."

"நீயும்னா?"

"நானும் மாத்தினேன். அதே சமயம். நானும் திருப்பி மாத்தினேன். அதே சமயம்."

அவ கணக்குல குறியைத் திருப்பியிருக்கா, நான் கட்டளையில திருப்பியிருக்கேன். ரெண்டு மைனஸ் சேந்தா என்ன ஆகும்னு பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரியும், பழைய தப்பே அப்படியே நின்னுடுச்சு. குறுகலான நடையில எதிர் எதிரா வர்ற ரெண்டு பேர் வழி விடறேன்னு ஒரே பக்கம் ஒதுங்கி ஒதுங்கி முட்டிக்குவாங்களே, அதேதான். பாப்போம் சார் எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்தார். கோபப்படணுமா வேண்டாமான்னு அவருக்கே தெரியல. "உங்க ரெண்டு பேருக்கும் ஒரே வீடுதானே?"ன்னு மட்டும் கேட்டார்.

அன்னிக்கே சரி பண்ணோம். என் பக்கம் மாத்தறது, அவ பக்கம் தொடக்கூடாதுன்னு முடிவு. அப்புறமும் பயம் போகல. நான் கட்டளை அனுப்ப கை வைக்கும்போது, "நீங்க மாத்தலையே அக்கா?"ன்னேன். "இல்லம்மா, நீதானே மாத்தினே?"ன்னா. "ஆமா, நான்தான்." அரை மணி நேரம் கழிச்சு அவளே வந்து, "திருப்பி மாத்திடலையே?"ன்னா. பேசாம இருந்த மாசமெல்லாம் சேத்து அன்னிக்கு ஒரே கேள்வியா கேட்டுக்கிட்டோம்.

ஆனா இறங்குச்சு. சரியான பாதியில, சரியான பக்கம் திருப்பியும் இறங்குச்சு. பெட்டி அந்த எல்லைக்குக் கீழ போயிடுச்சுன்னு பாப்போம் சார் சொன்னார். இருக்கலாம். ஆனா என் மனசு அதை ஏத்துக்கல. சரியாத் திருப்பியும் ஏறலைன்னா, பாய் வெளிச்சத்தைப் பிடிக்கலைன்னுதானே ஆகுது? மடிப்புலதான் கோளாறோ? எட்டு வருஷம் நான் மடிச்சது வெறும் பளபளக் காகிதமோ? யார்கிட்ட கேக்கிறது? கேட்டா எல்லாரும் ஆறுதல்தான் சொல்லுவாங்க. ஆறுதல் யாருக்கு வேணும்?

ஒரு ஞாயித்துக்கிழமை பகல். துவைச்ச துணியைக் கொடியில போட்டுக்கிட்டிருந்தேன். போன் வந்துது. பாப்போம் சார். "முடிஞ்சுதும்மா"ன்னார். அவ்வளவுதான் சொன்னார்.

என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பாத்துட்டு ஓடி வந்தார். நல்ல மனுஷன், குறை சொல்லக்கூடாது. தோளைத் தட்டி, "விடு, அடுத்தது ஒண்ணு விட்டுக்கலாம்"னார். எனக்கு வந்த ஆத்திரத்துல கையில இருந்த ஈரத் துண்டை அவர் மேலயே வீசினேன். அடுத்ததாம்! பல்லு விழுந்தவங்ககிட்ட எல்லாம் இப்படித்தான் சொல்லுவார்போல.

இந்த வீட்டுல, இந்தத் தெருவுலயே, என்ன போச்சுன்னு தெரிஞ்சது இன்னும் ஒரே ஒருத்திக்குத்தான். எனக்கு வேற போக்கிடம் தெரியல. ஈரக் கையோட மாடிப்படி ஏறினேன். எத்தனை மாசமாச்சு அந்தப் படியில கால் வச்சு. ஏறும்போது சண்டை போடத்தான் போறேன்னு நினைச்சேன். உன்னாலதான் போச்சுன்னு கத்தணும், நீ அன்னிக்கு மேசையில அப்படிச் சொல்லாம இருந்திருந்தான்னு ஆரம்பிக்கணும்னு வார்த்தையெல்லாம் கோத்து வச்சிருந்தேன்.

அக்கா சாப்பாட்டு மேசையில கணினியைத் திறந்து வச்சு உக்காந்திருந்தாங்க. கண்ணு சிவந்திருந்துச்சு. என்னைப் பாத்ததும் எழுந்திரிக்கல, பக்கத்து நாற்காலியை மட்டும் காலால நகத்தினாங்க. கோத்து வச்ச வார்த்தை ஒண்ணும் வரல. உக்காந்து அழுதேன். நல்லா சத்தம் போட்டே அழுதேன்.

நான் அழுது முடிச்சதும், "நான் அன்னிக்கு அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது"ன்னாங்க.

"நானும்தான்"னேன். அதுக்கு மேல அந்தப் பேச்சு ஓடல.

"இங்க பாரு"ன்னு கணினியை என் பக்கம் திருப்பினாங்க. ரெண்டு கோடு. ரெண்டும் கீழ இறங்குது. ஒண்ணு சாய்வா, ஒண்ணு செங்குத்தா.

"ஒரு வாரமா இதைத்தான் போட்டுக்கிட்டிருக்கேன். இந்தச் சாய்வுக் கோடு, காத்து மட்டும் இழுத்திருந்தா நம்ம பெட்டி எப்படி இறங்கியிருக்கும்னு கணக்கு. பாய் கிழிஞ்சு, வெளிச்சம் ஒண்ணுமே தள்ளாம இருந்தா இப்படி."

"இன்னொண்ணு?"

"அது நிஜமா இறங்கினது. குறி தலைகீழா இருந்த நாள் முழுக்க இப்படிச் செங்குத்தா."

நான் பாத்தேன். புரியல. கண்ணைத் துடைச்சுக்கிட்டுத் திருப்பிப் பாத்தேன். "நிஜம் ரொம்ப வேகமா இறங்குதே அக்கா. காத்து இவ்வளவு இழுக்குமா?"

"இழுக்காது."

"அப்போ?"

"வெளிச்சம்தான். வர்ற பாதியில நாம காட்டினோம், அது தள்ளுச்சு. கடைசியில சரியாத் திருப்பின நாள்லயும் பாரு, இதே கோட்டோட நுனி எப்படிப் படுக்குது. காத்து மட்டும்னா அவ்வளவு மெதுவா இறங்கவே இறங்காது. ஏத்திவிட முடியல, ஆனா விடாம தாங்கியிருக்கு. கிழிஞ்ச பாயா இருந்தா ரெண்டுமே நடந்திருக்காது."

கீழேயிருந்து என் வீட்டுக்காரர், "எங்க போனே?"ன்னு கூப்பிட்டார்.

"அப்போ என் பாய் வேலை செஞ்சுதா அக்கா?"

"செஞ்சுது. நீ நினைச்சதைவிட நல்லாவே செஞ்சுது"ன்னாங்க. "அதனாலதான் அவ்வளவு சீக்கிரம் விழுந்துது."